வான் பேணல்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் சங்க நூலொன்றையோ சமயப் பெரியார் ஒருவரையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகளை என்னினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. யப்பானிலிருந்து வந்து வன்னி மண்ணில் ஓடும் வானை வாங்குவது எங்ஙனம், வாங்கியபின் பேணுவது எங்ஙனம் என்பதே அது. இது தமிழாசிரியனுக்கு உரிய பொருளோ என வினவுவார்க்கு ஒன்று கூறுவேன். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து, ஊரிலுள்ள உடன்பிறந்தார் வான் வாங்கப் பணம் அனுப்பியவர்கள். ஊரிலே இருப்போருட் பலர் அவ்வான்களை ஓட்டுபவர்கள். அல்லது தம் பிள்ளைகளை அவற்றில் ஏற்றி அனுப்புபவர்கள். ஆதலின் இரு சாராருக்கும் இப்பொருள் உரியதே.

வான் என்னுஞ் சொல் தமிழில் விண்ணையும் மழையையும் குறிக்கும். இன்று வன்னியில் ‘வான் வருகிறது’ என்றால் குழந்தையும் படலையைத்தான் நோக்கும், மேலே நோக்காது. குளத்தை நம்பி வயல் விதைக்கும் நமக்கு மேலுள்ள வான் எத்துணை இன்றியமையாததோ, காலையில் ஒரு பஸ்சும் மாலையில் ஒரு பஸ்சுமாக உள்ள ஊர்களில் வீதியில் ஓடும் வானும் அத்துணை இன்றியமையாதது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், கருவுற்ற பெண் நள்ளிரவில் வைத்தியசாலைக்குப் போவதும், செத்தவீட்டுக்கு உறவினர் வந்து சேர்வதும் அதனாலேதான். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். கொழும்பு ஏறத்தாழ 255 கிலோமீற்றர். இடைவழியில் வண்டி நின்றுவிட்டால் காடுதான் துணை.

என் பாட்டனார் காலத்தில் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வண்டில் கட்டிச் செல்வர். புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் சில்லைக் கழற்றி அச்சுக்கு மசகிடுவதும், மாடுகளின் லாடத்தைப் பார்ப்பதும், பூட்டாங்கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் அக்காலத்தார்க்கு வழக்கம். அதனை எவரும் செலவென்று கருதியதில்லை. பயணத்தின் முதற்பகுதி என்றே கருதினர். பின்னர் 1990களில், எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயிலே கார் ஓட்டினோம். இல்லாமைக்குள்ளும் வண்டியை உயிரோடு வைத்திருந்த மக்கள் நாம். 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் மறுபடியும் திறந்தது. அதன்பின் வான்கள் நம்மிடையே பெருகின. வண்டி பெருகிய வேகத்தில் பேணும் பழக்கம் பெருகவில்லை என்பதே யான் சொல்ல வந்த குறை.

நம் பக்கத்தில் அதிகம் காணப்படுவது தொயோட்டா நிறுவனத்தின் ஹைஏஸ். அது முதன்முதல் யப்பானில் வெளிவந்தது 1967இல். 1989இல் வந்த உருவத்தையே அதன் உருண்ட முகம் நோக்கி நம்மவர் ‘டொல்பின்’ என அழைக்கின்றனர். 2004இல் வந்த உருவம், அதன் அடிச்சட்ட இலக்கத்தின் முதலெழுத்துக்களால் ‘கே.டி.எச்.’ எனப்படுகிறது. நிசான் கரவனும் உண்டு. யப்பானியரும் நம்மைப் போலவே வீதியின் இடப்புறம் ஓடுபவராதலின் அவர்கள் வண்டி நமக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கே சரக்கு வான்களை முதல் ஈராண்டின் பின் ஆண்டுதோறும் அரசாங்கச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். அச்செலவு ஆண்டேற ஏறுமாகையால், நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் அவர்கள் ஏலத்தில் விற்றுவிடுகின்றனர். அவர்கள் சோதனைக்கு அஞ்சி விற்றதையே நாம் வாங்கி ஓட்டுகிறோம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இவற்றையெல்லாம் யான் அறிய நேர்ந்த காரணத்தைச் சொல்லல் வேண்டும். என் அத்தான், அஃதாவது தமக்கையின் கணவர், 2011இல் பழைய டொல்பின் வானொன்றை வாங்கி, நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சீவித்தவர். சில ஆண்டுகளில் அவருக்குச் சிறுநீரக நோய் கண்டது. வவுனியா மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த வரண்ட நாட்டிலும் அந்நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பதை யாவரும் அறிவர். 2018 முதல் வாரத்தில் இருமுறை வைத்தியசாலைக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளல் வேண்டும் என்றாயிற்று. குடும்பத்துக்குச் சோறு போட்ட வானே அவரைச் சுமக்கும் வானுமாயிற்று. ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும். அந்நிலையில் ‘வண்டி ஸ்ராட் ஆகவில்லை’ என்று சொல்ல இயலுமா? அத்தான் குனிந்து நிமிர முடியாதவராகிவிட்டமையால், அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, வெண்கட்டி பிடித்த கையால் யான் ஸ்பானர் பிடித்தேன். 2021இல் அவர் இறக்கும்வரை, 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்கள் உட்பட, வண்டி பழுதென்று ஒரு தவணையேனும் தவறவில்லை. அம்மூன்றாண்டுப் பாடத்தையே ஈண்டுத் தருகின்றேன்.

முதலாவது, வாங்குதல். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நம்பற்க. அதனைப் பின்னோக்கித் திருப்புவது எளிது. அண்மையில் என் மாணவனொருவன் வாங்க எண்ணிய வானைப் பார்க்கச் சென்றிருந்தேன். மானியில் 92,000 கிலோமீற்றர். ஓட்டுநர் கதவைத் திறந்து தூணின் உட்புறம் பார்த்தபோது யப்பானிய எழுத்துடன் சிறிய ஒட்டுத்தாளொன்று இருந்தது. ஒயில் மாற்றிய நாளையும் தூரத்தையும் குறித்து அந்நாட்டுக் கராச்சார் ஒட்டுவது அது. எழுத்து நமக்கு விளங்காது; எண் விளங்குமன்றோ? அதில் இருந்தது 1,83,000. விற்க வந்தவர் அத்தாளைத் தாமும் அன்றுதான் கண்டவர் போல நின்றார். ரைமிங் பெல்ற் மாற்றியதைக் குறிக்கும் தாள் இயந்திரத்தின் அருகே இருப்பதும் உண்டு. ஏலத்தாள் இருப்பின் அதனைக் கேட்டு வாங்குக. அதில் தரம் என்னுமிடத்தில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருப்பின் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட வண்டி என்பது பொருள்.

வேறு மூன்றையும் பார்த்தல் வேண்டும். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே வண்டியைப் பார்க்கச் செல்க; முன்னரே சூடாக்கி வைத்த இயந்திரம் தன் நோயை மறைக்கும். சரக்கு வானாக வந்து இங்கே ஆசனம் பூட்டப்பட்டதாயின், அடியிற் குனிந்து ஆசனத்தின் ஆணிகள் எதிற் பூட்டப்பட்டுள்ளன எனக் காண்க. மெல்லிய தகட்டில் மட்டும் பூட்டியிருந்தால் அவ்வாசனம் விபத்தில் பிள்ளைகளோடு முன்னே வரும். மூன்றாவது பத்திரம். லீசிங் முடியாத வண்டிக்கு முழுவுரிமையாளர் நிதி நிறுவனமே. பதிவுப் புத்தகத்தில் அப்பெயர் நீங்காமல் பணம் கொடுத்தல் ஆகாது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியைக் கைமாற்றும் ‘ஓப்பின் பேப்பர்’ வழக்கம் வாங்குவோன், விற்போன் இருவரையும் ஒருங்கே கெடுப்பது. விபத்தொன்று நிகழ்ந்தால் அவ்வண்டி யாருடையது என்பதை நீதிமன்றத்திலேயே தேட நேரும்.

இனிப் பேணல். வன்னியில் வானுக்கு முதற்பகை நம் கிணற்றுநீர். கேத்திலில் அந்நீரைச் சில கிழமை காய்ச்சினால் உள்ளே வெள்ளைப் படலம் ஓடாகப் பிடிப்பதை எல்லா வீட்டிலும் காணலாம். அதே நீரை றேடியேற்றரில் ஊற்றினால் அதன் நுண்ணிய குழாய்களிலும் அவ்வோடே பிடிக்கும். அத்தானிடம் முன்னர் வேலைசெய்த ஓட்டுநரொருவர் வழியிற் கண்ட கிணற்றிலெல்லாம் அள்ளி ஊற்றியவர். றேடியேற்றரைக் கழற்றித் திறந்த முதிய மெக்கானிக் என்னை அழைத்து, “மாஸ்ரர், இஞ்ச வந்து பாருங்கோ. மனுசருக்குக் கிட்னி என்ன செய்யுதோ அதைத்தான் வண்டிக்கு இது செய்யுது. ரெண்டும் ஒரே தண்ணியாலதான் போகுது போல” என்றார். அந்நோயின் காரணத்தை அறிஞர் இன்னும் முற்றாகத் துணிந்திலர்; ஆயினும் பக்கத்துக் கதிரையில் இருந்த அத்தான் அது கேட்டு மெல்லச் சிரித்ததை யான் மறந்திலேன்.

ஆகவே றேடியேற்றருக்கு வடித்த நீரும் கூலன்ற் என்னும் குளிர்திரவமும் சம அளவிற் கலந்ததையே ஊற்றுக; ஈராண்டுக்கொருமுறை முழுவதையும் மாற்றுக. கூலன்ற் நீரின் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும். ஹைஏஸ் வானில் இயந்திரம் முன்னாசனத்தின் கீழே அடைபட்டிருப்பது. பங்குனி, சித்திரை வெயிலில், நிறைந்த பாரத்தோடு, குளிரூட்டியும் ஓடும்போது வெப்பம் வெளியேற வழி குறைவு. வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தை விட்டு எழக் கண்டவுடன் வண்டியை நிழலில் நிறுத்துக. ‘இன்னும் சிறிது தூரந்தானே’ என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். நீர் கொதிக்கும்போது மூடியைத் திறத்தல் பெருந்தீங்கு. முகம் வெந்தவர் உளர்.

இரண்டாம் பகை செம்மண் புழுதி. கிரவல் வீதியில் ஓடும் வானின் காற்று வடியை, தார்வீதியில் ஓடும் வானின் வடியைப் போலக் கருதலாகாது. கிழமைக்கொருமுறை கழற்றித் தட்டுக; காற்றடிப்பதாயின் உள்ளிருந்து வெளியே அடிக்க. வெளியிலிருந்து அடித்தால் புழுதி தாளிற் குத்தி நிற்கும். அடைபட்ட வடியால் டீசல் வீணாகும், புகை கறுக்கும், புகைச் சோதனையிலும் வண்டி தேறாது. கிழிந்த வடியோ அதனினும் கொடிது. மண் இயந்திரத்தினுட் சென்று அரம்போல் அராவும். இயந்திர ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வடியோடு சேர்த்து மாற்றுதல் நம் வீதிகளுக்குத் தகும். டொல்பின் வான்களில் உள்ள 3எல் எனப்படும் 2.8 லீற்றர் டீசல் இயந்திரத்தின் ரைமிங் பெல்ற்றை ஓர் இலட்சம் கிலோமீற்றரில் மாற்றுதல் வேண்டும். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ற்றின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். ஓடிய தூரம் ஐயத்துக்குரியதாயின் வாங்கிய கிழமையிலேயே மாற்றிவிடுக.

மூன்றாவது டீசல். 2022இல் எரிபொருளின்றி நாடு தவித்தபோது, மக்கள் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேர்த்து வைத்தனர். நீரும் துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த டீசலை டொல்பினின் பழைய இயந்திரம் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. கே.டி.எச். பொறுக்கவில்லை. அதன் இயந்திரம் மிகுந்த அழுத்தத்தில் டீசலை மயிரிழை போன்ற துளைகளாற் பீச்சுவது. ஒரு துளி நீரும் அதற்கு நஞ்சு. டீசல் வடியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை மாதமொருமுறை இறக்குக. பாதித் தாங்கியோடு இரவில் நிறுத்திவைத்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீராகும். மாரி காலத்தில் தாங்கியை நிரப்பி வைத்தல் நன்று. கே.டி.எச். வைத்திருப்போர் இன்னுமொன்று அறிக. டீசல் பீச்சும் இஞ்செக்ரர்களின் அடியிலுள்ள செப்பு வளையங்கள் பழுதானால் எரிந்த புகை ஒயிலிற் கலந்து தாராகும். அத்தார் ஒயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். இயந்திரம் திடீரெனப் பிடித்துக்கொள்வதன் காரணங்களுள் இது ஒன்று.

மாரியில் ஆறும் குளமும் வீதியை மேவும்போது நீரின் ஆழம் அறியாது வானை இறக்கற்க. சில்லின் நடுவரை நீரில் நின்ற வண்டியாயின் பின் அச்சின் ஒயிலையும் சில்லுகளின் பேரிங் கிறீசையும் பார்த்தல் வேண்டும். ஒயில் பாலைப்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது என்க. 2025 நவம்பரின் டித்வாப் புயல் வெள்ளத்தில் நாட்டில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இனிப் பழைய வான் வாங்குவோர், ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்து அதில் சேற்றுக்கோடு உண்டோ எனப் பார்த்தல் அறிவுடைமை.

இதுகாறும் கூறியவை வண்டி ஓடுவதற்கு வேண்டியவை. நிற்பதற்கு வேண்டியவை இவற்றினும் பெரியன. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈராண்டில் மாற்றாவிடின் நீண்ட ஓட்டத்தில் அது கொதித்துக் கால்மிதி கீழே போய்விடும். பின் சில்லுகளின் பிறேக் மூடிய பேழைக்குள் இருப்பதால் புழுதியும் சேறும் உள்ளே சேரும்; மாரி முடிந்ததும் திறந்து துடைத்தல் வேண்டும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையிற் செய்தது என்பது பொருள். பூ தேயாதிருப்பினும் முதிர்ந்த ரயர் வெயிலில் வெடிக்கும். விலை குறைவென்று கார் ரயரை வானுக்குப் பூட்டுவோர் உளர். பாரந் தாங்கும் வான் ரயரையே பூட்டுக. மிகைப் பாரத்தால் அச்சு முறிவதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் உவமையாக ஆண்டிருக்கின்றார். அக்குறளை வகுப்பில் ஒப்புவித்த நம் மாணவரே பிற்காலத்தில் பதினான்கு பேருக்குரிய வானில் இருபத்தைந்து பிள்ளைகளை அடைத்து ஓட்டக் காணும்போது, கற்பித்தவன் மனம் என்ன பாடுபடும்! பின்கதவு உள்ளிருந்தும் திறக்குமா, இழுகதவு ஓட்டத்தில் தானே வழுவாதா, இறங்கியபின் ஆசனங்களுக்கிடையே உறங்கிய பிள்ளை எதுவும் இல்லையா என்பவற்றை நாள்தோறும் பார்ப்பவனே பாடசாலை வான் ஓட்டத் தகுதியுடையவன்.

இத்தனைக்கும் பணம் வேண்டும். என் தமக்கையார் ஒரு வழி கண்டார். அன்றன்று வரும் வாடகையில் பத்திலொரு பங்கை வேறொரு பேணியில் இடுவது; வீட்டில் என்ன முட்டு வந்தாலும் அதில் கைவைப்பதில்லை. பேணியோடு ஒரு கொப்பியும் இருந்தது. ஒயில், வடி, ரயர், பெல்ற் ஆகியவற்றை மாற்றிய நாளும் தூரமும் அதில் ஏறும். யப்பானியர் கதவுத்தூணில் ஒட்டும் தாளை நாம் கொப்பியாக்கிக் கொண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அத்தான் மறைந்தபின் பலர் வந்து, வாங்கிய விலையினும் பல மடங்கு தருவதாகக் கேட்டனர். தமக்கையார் கொடுக்கவில்லை. “காசைத் தின்னலாம், எத்தினை நாளைக்கு? இது ஓடுற மட்டும் எங்களுக்குச் சோறு போடும்” என்றார். 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும், வரியோடு சேர்ந்த புதுவரவின் விலை நம்மவர் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே இருக்கும் வண்டியைப் பேணுதலே இன்று நமக்குள்ள வழி. அவ்வான் இன்றும் ஓடுகிறது.

கடல்கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீவிர் ஊருக்கோ உறவினர்க்கோ வான் வாங்கப் பணம் அனுப்புங்கால், முழுப் பணத்தையும் வண்டியின் விலையிலே செலவிட விடாதீர். சற்று மலிவான வண்டியை வாங்கச் செய்து, ஓராண்டுப் பேணற் செலவைத் தனியே வைப்பியுங்கள். அடுத்த முறை பேசும்போது ‘வான் எப்படி?’ என்று பொதுவாகக் கேளாது, ‘ஒயில் எப்போது மாற்றினீர்கள்? ரயர் எந்த ஆண்டு?’ என்று கேளுங்கள். கேட்பார் உண்டென்று அறிந்தால் பேணுவாரும் உண்டாவர். ஊரிலுள்ள பெற்றோரே, மாதக் கட்டணத்தில் நூறு ரூபா குறைக்க வாதாடும் நீங்கள், கட்டணம் குறைத்த வானின் பிறேக் எதனால் ஆகும் என்பதையும் ஒருமுறை எண்ணுங்கள்.

விழாக் காணும் நம் கல்லூரி மேன்மேலும் ஓங்குக. அதன் வாயிலில் காலைதோறும் வந்து நிற்கும் வான்கள் யாவும் மாலைதோறும் பிள்ளைகளை நலமே வீடு சேர்ப்பனவாகுக.